வால் ஆடினால் விளையாட்டா?

பெரம்பூர் ராஜி: எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் நேற்று என்னிடம், "ரெண்டு நாய் கட்டிப் புரண்டா வால் ஆடுதா பாருங்க மேடம். ஆடினா விளையாட்டு, ஆடலேன்னா சண்டை. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. போன மாதம் என் நாய் மணி (ராஜபாளையம், 4 வயது) என் இன்னொரு நாய் லட்டுவின் (லேப்ரடார், 8 மாதம்) காதைக் கிழித்தபோது வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. 3 தையல். தயவுசெய்து யாரும் இந்தப் பாடத்தைப் பரப்பாதீர்கள்.

கோம்பைக்காரன்: அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அம்பத்தூரில் 22 வருடமாக நாட்டு நாய் வளர்க்கிறேன். வாலை ஆட்டிக்கொண்டே கடித்த நாயை நான் பார்த்ததில்லை. பதற்றத்தில் நீங்கள் வாலைச் சரியாகக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பெரம்பூர் ராஜி: இரண்டடி தள்ளி நின்றேன் சார், கையில் சோற்றுக் கரண்டியோடு. வால் கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது, நுனி மட்டும் படபடவென்று ஆடியது. வாய் இறுக மூடியிருந்தது. லட்டுவின் தட்டுக்கு மேல் தலையைத் தாழ்த்தி, மூச்சுகூட விடாத மாதிரி ஒரு நொடி அப்படியே நின்றான். அப்புறம்தான் பாய்ந்தான். அந்த ஒரு நொடியை நான் மறக்க மாட்டேன்.

வேளச்சேரி மாடிவீடு: ராஜி அக்கா சொல்வதுதான் சரி. என் வீட்டில் இரண்டு தெருநாய்கள், பிளாக்கியும் டிம்மியும். சாயங்காலம் மொட்டைமாடியில் விட்டால் கேட்கிறவர்கள் கொலை நடக்கிறது என்று நினைப்பார்கள், அவ்வளவு உறுமல். ஆனால் வாய் திறந்திருக்கும், உடம்பு துணி மாதிரி தளர்ந்திருக்கும். பிளாக்கி இரண்டு மடங்கு பெரியவன், அவனே மல்லாக்கப் படுத்து கழுத்தைக் கொடுப்பான். நடுவில் இரண்டும் நின்று உடம்பை உதறும், ஒரு தும்மல் போடும், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி மறுபடி கூப்பிடும். சந்தேகம் வந்தால் பெரியவனைக் கொஞ்சம் பிடித்து வைப்பேன். சின்னவன் திரும்ப அவனிடமே ஓடி வந்தால் விளையாட்டு. ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தால் போதும் என்று அர்த்தம்.

கோம்பைக்காரன்: தும்மலையும் தொட்டியையும் யார் கேட்டது தம்பி? பேச்சு வாலைப் பற்றி. வால் ஆடியதா, இல்லையா?

அடையாறு சேது: வால் ஆடுவது நாய் கிளர்ச்சியடைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். சந்தோஷமா கோபமா என்று சொல்லாது. 2007-ல் இத்தாலியில் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, அடக்கி ஆளுகிற நாயைக் கண்டபோது இடப்பக்கம். இரண்டு தடவையும் ஆடத்தான் செய்தது.

கோம்பைக்காரன்: இத்தாலி நாயை வைத்து அம்பத்தூர் நாய்க்குத் தீர்ப்பா? சேது சார், போன வருடம் நாய்க்குத் தயிர்சாதம் போதும் என்று என்னோடு மூன்று நாள் சண்டை போட்டவர் நீங்கள். முதலில் ஒரு நாட்டு நாயை வளர்த்துவிட்டு வாருங்கள்.

அடையாறு சேது: தயிர்சாதத்தை ஏன் இழுக்கிறீர்கள்? போதும் என்று நான் சொல்லவே இல்லை. வெயில் காலத்தில் கொஞ்சம் கொடுக்கலாம் என்றேன்.

கோம்பைக்காரன்: சொன்னீர்கள். எனக்கு மறதி கிடையாது. இன்னொன்று, ராஜபாளையம் என்றாலே கடிநாய் என்று பேர் வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். 2005-ல் மத்திய அரசு தபால்தலை வெளியிட்ட இனம் அது. லேபுக்கு அந்தப் பெருமை உண்டா?

பெரம்பூர் ராஜி: மணியை நான் எங்கே குறை சொன்னேன்? அவன் என் பிள்ளை. சோற்றுத் தட்டுக்கு எந்த இனமும் சண்டை போடும். தபால்தலைக்கும் லட்டுவின் காதுக்கும் என்ன சம்பந்தம்?

வேளச்சேரி மாடிவீடு: அக்கா, எப்படிப் பிரித்தீர்கள்? கழுத்துப்பட்டையைப் பிடித்தீர்களா?

பெரம்பூர் ராஜி: இல்லை தம்பி. அங்கே கையைக் கொடுத்தால் திரும்பி நம்மையே கடித்துவிடும். கொடியில் கிடந்த போர்வையை மணி தலைமேல் போட்டேன். விட்டுவிட்டான்.

கோம்பைக்காரன்: நான் பட்டையைப் பிடித்துத்தான் பிரிப்பேன். 22 வருடத்தில் ஒரு கீறல் இல்லை. வளர்க்கத் தெரிந்தவனுக்குப் போர்வை எதற்கு?

அடையாறு சேது: உங்களுக்குக் கீறல் இல்லை என்பதற்காக அடுத்தவரை அங்கே கையைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். படிக்கிறவர்களில் குழந்தை வைத்திருப்பவர்களும் உண்டு.

கோம்பைக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். நான்கு மணி நேரமாக ஒரே கேள்வி கேட்கிறேன். வால் ஆடியதா?

பெரம்பூர் ராஜி: ஆடியது சார். முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

கோம்பைக்காரன்: அப்படியானால் விளையாட்டு.

அடையாறு சேது: 3 தையல் போட்டது விளையாட்டா?

கோம்பைக்காரன்: குட்டிக் காது விளையாட்டிலும் கிழியும்.

பெரம்பூர் ராஜி: இப்போது இரண்டுக்கும் தனித்தனி அறையில்தான் சாப்பாடு. கதவைச் சாத்திவிட்டுத்தான் தட்டை வைக்கிறேன். தட்டை எடுத்த பிறகு வெளியே விட்டால் ஒன்றாகத்தான் படுத்துக்கொள்கின்றன.

கோம்பைக்காரன்: பார்த்தீர்களா, ஒன்றாகப் படுக்கின்றன! நான் சொன்னது இதைத்தான். வாலைப் பாருங்கள் மேடம்.