ஐந்து பூங்காக்களா, ஒரே பூங்காவா? கூடாரத்தோடு ஒரு குடும்பப் பயணம்

சாலையோரன்:

வரும் ஜூன் கடைசி வாரத்தில் லாஸ் வேகஸ் வரை விமானத்தில் சென்று, அங்கே கார் வாடகைக்கு எடுத்து, ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன் ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒரே வாரத்தில் சுற்றிவிட்டு லாஸ் வேகஸுக்கே திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். நான், மனைவி, நான்காம் வகுப்பில் படிக்கும் மகள், ஆறு வயது மகன், மே மாதம் கும்பகோணத்திலிருந்து வரவிருக்கும் என் அப்பா என ஐந்து பேர். இரவுகளைக் கூடாரத்தில் கழிக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் பிடிவாதம். இந்தப் பூங்காக்களின் முகாம்தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு 6 மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது என்பதால் இப்போதே முடிவெடுத்தாக வேண்டும். இந்தத் திட்டம் சரிப்படுமா?

நிழல்தேடி:

நீங்கள் சொல்லும் ஐந்து இடங்களும் பார்க்கத் தகுந்தவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரே வாரத்தில், அதுவும் கூடாரத்தோடு, என்பதைத்தான் மறுக்கிறேன். நீங்கள் குறிப்பிடும் வட்டம் ஏறத்தாழ 1,100 மைல். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே 20 மணி நேரம் பிடிக்கும். ஆர்ச்சஸை ஒட்டியுள்ள மோவாப் ஊரிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு வரும் ஒரு பகுதி மட்டுமே ஐந்து மணி நேரத்துக்கு மேல். இடத்துக்கு ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாலையும் களைத்துப்போய் வந்து கூடாரம் அடிப்பதும், விடிந்ததும் அதைப் பிரித்துச் சுருட்டி டிக்கியில் திணிப்பதுமாக வாரம் கழிந்துவிடும்.

வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் ஸயான் பள்ளத்தாக்கிலும் மோவாப் வட்டாரத்திலும் பகல் வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டுவது சாதாரணம். அதே வாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேலே இருக்கும் பிரைஸில் இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். ஒரே பயணத்துக்கு இரண்டு பருவங்களின் உடுப்புகளையும் போர்வைகளையும் சுமக்க வேண்டியிருக்கும். ஆர்ச்சஸில் எல்லோரும் பார்க்க விரும்பும் டெலிகேட் வளைவுக்குப் போய் வர 3 மைல் நடை. வழியில் நிழல் அறவே கிடையாது. அதை ஆறு வயதுப் பையனோடு நண்பகலில் நடப்பது வதை.

என் பரிந்துரை கேப்பிட்டல் ரீஃப் ஒன்று மட்டுமே. அங்கே ஃப்ரூட்டா முகாம்தளம் ஃப்ரிமாண்ட் ஆற்றங்கரையில், 1880களில் குடியேறிய மார்மன் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் நட்டு வளர்த்த பழத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. மரங்கள் உண்மையாகவே நிழல் தருகின்றன. மாலையில் மான்கள் கூடாரங்களுக்கு இடையே மேய வருகின்றன. அந்த ஆண்டு வசந்தத்தில் உறைபனி பூவை அழிக்காமல் விட்டிருந்தால், நீங்கள் போகும் நாட்களில் செர்ரிப் பருவம் முடியும் தறுவாயிலும் ஆப்ரிகாட் பழுக்கத் தொடங்கும் நிலையிலும் இருக்கும். பறிப்புக்குத் திறந்துவிடப்பட்ட தோட்டத்தில் பிள்ளைகளே பறித்து, எடை போட்டுப் பணம் செலுத்திவிட்டு வரலாம். ஒரு குழந்தைக்கு ஓர் இடம் பழக இரண்டாம் நாளாவது தேவை. ஆற்றில் கல் எறிந்த இடத்துக்கே மறுநாளும் போகும்போதுதான் அது தன்னுடைய இடமாகிறது. உங்கள் திட்டத்தில் அந்த இரண்டாம் நாள் எங்குமே இல்லை.

நெடுவழி:

நிழல்தேடி அவர்கள் சாலையைச் செலவுக் கணக்கில் எழுதுகிறார். நான் வரவில் எழுதுகிறேன். பிரைஸிலிருந்து கேப்பிட்டல் ரீஃபுக்குச் செல்லும் 12ஆம் எண் நெடுஞ்சாலையில் இருபுறமும் பள்ளம் சரிய, முதுகெலும்பு போன்ற முகட்டின் மேல் கார் போகும் பகுதி ஒன்று உண்டு. எந்த முகாம்தளத்தில் உட்கார்ந்தாலும் அது கிடைக்காது. மோவாபிலிருந்து தெற்கே இறங்கினால் மான்யுமென்ட் வேலி வழியாக நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தைக் கடந்து, கிராண்ட் கேன்யனின் கிழக்கு வாயிலான டெசர்ட் வியூ வழியே நுழைவீர்கள். 1932இல் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்துக் கட்டப்பட்ட கல் கோபுரம் அங்கேதான் நிற்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பூங்காக்கள் தனித்தனி இடங்கள் அல்ல. கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நீங்கள் மிதிக்கும் கைபாப் சுண்ணாம்புப் பாறை, சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அங்கே உச்சியில் இருக்கும் அதே பாறைதான் ஸயானில் ஆக அடியில் கிடக்கிறது. ஸயானின் ஆக மேலான அடுக்கு பிரைஸில் ஆக அடியான அடுக்கு. பிரைஸில் செந்தூண்களாக நிற்கும் பாறை சுமார் 5 கோடி ஆண்டுப் பழையது மட்டுமே. நிலவியலாளர்கள் இதைப் பெரும் படிக்கட்டு என்று அழைப்பது இதனால்தான். ஒரு படியில் மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் மாடிக்குப் போனதாக ஆகாது. மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்கும் பிள்ளைக்குக் காலத்தின் ஆழம் புரியும். வகுப்பில் எத்தனை மாதிரிப் படம் வரைந்தாலும் அது புரியாது.

கும்பகோணத்திலிருந்து வரும் பெரியவர் இன்னொரு முறை எப்போது வருவார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். விடுப்பும் விசாவும் நம் விருப்பப்படி அமைவதில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டு தேசியப் பூங்காக்களில் இலவச நுழைவுச் சீட்டும் உண்டு. அதை ஒரே வாயிலில் காட்டிவிட்டுத் திரும்புவதா?

அடுப்பங்கரை:

இதுவரை எழுதிய ஆண்கள் இருவருக்கும் (ஆண்கள் என்றே ஊகிக்கிறேன்) ஒரு கேள்வி: சமைப்பது யார்? விமானத்தில் எரிவாயு டப்பா கொண்டுபோக முடியாது. அடுப்பைக்கூட எரிபொருள் வாடையில்லாமல் துடைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ஆகவே லாஸ் வேகஸில் இறங்கிய முதல் இரண்டு மணி நேரம் எரிவாயு, ஐஸ், தண்ணீர் கேன், கூலர், அரிசி, தயிர் என்று கடையிலேயே போய்விடும். அதன் பிறகு ஸயான் இருக்கும் யூட்டா மாநிலத்துக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். முதல் நாள் ஸயானில் கூடாரம் அடிக்கும்போது இருட்டிவிட்டால் வியப்படைய வேண்டாம்.

ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் இடம் என்றால், ஒவ்வோர் இரவும் புதிய சமையலறை என்று பொருள். பாத்திரம் கழுவும் இடம் எங்கே, குடிநீர்க் குழாய் எங்கே, அணில் வாய் வைக்காமல் உணவைப் பூட்டி வைப்பது எப்படி என்று தினமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அணிலை எளிதாக நினைக்காதீர்கள். கிராண்ட் கேன்யனில் பார்வையாளர்களை அடிக்கடி கடிப்பது பாறை அணில்தான், அதற்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். ஸயானின் வாட்ச்மேன் முகாம்தளத்திலும், ஃப்ரூட்டாவிலும், ஆர்ச்சஸின் டெவில்ஸ் கார்டனிலும் குளியலறை கிடையாது. தினமும் தலைக்குக் குளித்துப் பழகிய பெரியவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டீர்களா?

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் முதல் நாளுக்குத் தாங்கும். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அடுப்பின் முன் குந்தியிருக்க வேண்டும். அந்த ஒருவரையும் சேர்த்துத்தான் குடும்பம் சுற்றுலா போகிறது.

நிழல்தேடி:

அடுப்பங்கரை அம்மையார் கேட்டது நியாயமான கேள்வி. அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

நெடுவழி அவர்களின் படிக்கட்டு வாதத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன நிலவியல் முழுக்கச் சரி. ஆனால் அடுக்குகளைப் பார்ப்பதற்காகவே ஐந்து பூங்கா சுற்ற வேண்டும் என்றால், கேப்பிட்டல் ரீஃப் ஏன் பூங்காவாக்கப்பட்டது என்பதை அவர் மறந்துவிட்டார். வாட்டர்பாக்கெட் மடிப்பு என்று சொல்லப்படும், ஏறத்தாழ 100 மைல் நீளமுள்ள நில மடிப்பு அந்தப் பூங்காவின் உயிர்நாடி. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க வேண்டிய அடுக்குகள் அங்கே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டதால், செங்குத்தாக ஏற வேண்டிய வரலாற்றைக் கிடையாகவே கடக்கலாம். 24ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டினால், அரை மணி நேரத்துக்குள் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் பல கோடி ஆண்டுகள் நகர்ந்துவிடுவீர்கள். ஸயானில் வானளாவும் சுவர்களாக நிற்கும் நவஹோ மணற்பாறை இங்கே வெண்குவிமாடங்களாக நிற்கிறது. வழியிலேயே, முற்காலத்தில் அங்கே வாழ்ந்த ஃப்ரிமாண்ட் பண்பாட்டு மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்களை மரப்பாதையில் நின்று பார்க்கலாம்.

நெடுவழி:

மடிப்பைப் பற்றிச் சொன்னது சரியே, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிரைஸின் இளஞ்சிவப்புப் பாறை அங்கே இல்லை, அளவும் இல்லை. கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நிற்கும்போது ஏறத்தாழ ஒரு மைல் ஆழம் காலடியில் திறக்கிறது. அதற்கு ஈடாக எந்த மடிப்பையும் காட்ட முடியாது. அங்கே யாவாபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து கிராமப் பகுதி நோக்கி விளிம்பை ஒட்டியே காலப்பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் தரையில் வெண்கலக் குறிகள் பதித்து, பள்ளத்தின் அந்தந்தக் காலப் பாறைகளை ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தளம் போட்ட, பெரும்பாலும் சமமான பாதை என்பதால் முதியவரும் நடக்கலாம், சிறுவனும் குறிகளை எண்ணிக்கொண்டே ஓடலாம். பள்ளத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. கோடையில் ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

சாலையோரன்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். கிராண்ட் கேன்யனைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் தெருவில் யாருக்கும் பதில் சொல்ல முடியாது என்கிறார். தரையில் படுக்க மாட்டேன் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். ஆகவே திட்டத்தை மாற்றியிருக்கிறேன். முதலில் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் விடுதி அறையில் இரண்டு இரவு. அடுத்து கனாப் ஊரில் அறையில் ஓர் இரவு. மறுநாள் வழியில் பிரைஸை அரை நாள் பார்த்துவிட்டு, ஃப்ரூட்டாவில் மூன்று இரவு கூடாரம். அப்பாவுக்கு அருகிலுள்ள டோரி ஊரில் அறை. ஸயானும் ஆர்ச்சஸும் இந்த முறை இல்லை.

நெடுவழி:

திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் நிழல்தேடி வென்றதாக யாரும் நினைக்க வேண்டாம். தெற்கு விளிம்பிலிருந்து கனாப், பிரைஸ் வழியாக ஃப்ரூட்டா ஏறத்தாழ 390 மைல். லாஸ் வேகஸிலிருந்து வருவதையும் அங்கே திரும்புவதையும் சேர்த்தால் மொத்தம் 1,000 மைலுக்கு மிக அருகில் வரும். இரண்டு பூங்காக்களை விட்டுக்கொடுத்து நீங்கள் மிச்சப்படுத்தியது சுமார் 100 மைல்தான்.

நிழல்தேடி:

மைலை நான் எதிர்க்கவில்லை, ஐயா. கூடாரம் எத்தனை முறை அடிக்கப்படுகிறது என்பதைத்தான் எண்ணினேன். முதல் திட்டத்தில் ஐந்து முறை, இதில் ஒரே முறை. சாலையோரன் அவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: ஃப்ரூட்டாவுக்கும் டோரிக்கும் இடையே காரில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வழியில் மான்கள் குறுக்கிடும் என்பதால் இரவு உணவுக்குப் பின் அப்பாவைக் கொண்டுவிடுவதை இருட்டும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரை:

அவர் அங்கே தனியாகவா தங்குவார்? புதிய ஊர், புதிய படுக்கை, கைப்பேசித் தொடர்பும் பூங்காவுக்குள் நம்பத்தக்கதல்ல. நள்ளிரவில் ஏதேனும் வேண்டியிருந்தால் உங்களை அழைக்கவும் முடியாது.

சாலையோரன்:

தனியாக விடமாட்டோம். நானும் மனைவியும் முறை வைத்து அவரோடு அறையில் படுப்போம். முதல் முறை மனைவியுடையது, அன்று அறையில் வெந்நீரும் கிடைக்கும். அன்றைய சமையலும் பாத்திரமும் என்னுடைய பொறுப்பு.

அடுப்பங்கரை:

அப்படியென்றால் சரி. முகாம்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கழிப்பறைக்கு அருகில் இருக்கும் இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஆறு வயதுப் பையன் இரவில் எழுப்புவான். திரும்பும் நாளில் லாஸ் வேகஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் என்பதால் மாலை விமானத்துக்கு அவசரமில்லாமல் கிளம்பலாம். மீதமிருக்கும் எரிவாயு டப்பாவைப் புறப்படும் முன் பக்கத்துக் கூடாரத்தாருக்கே கொடுத்துவிடுங்கள்.