அலுவலக நண்பர்களோடு இந்தியப் பிராந்தியச் சாப்பாடு: எதை, எப்படித் தெரிவு செய்வது?

கிருலப்பனை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் எங்கள் அலுவலகப் பிரிவில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என ஏறத்தாழ ஒரு டசின் பேர் வேலை செய்கிறோம். சம்பளம் கிடைக்கும் வாரத்தில் எல்லோரும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்கு வெளியே செல்வது எங்கள் வழக்கம், அதை ஒழுங்கு செய்யும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இந்தியச் சாப்பாடு எல்லோருக்கும் விருப்பம்தான். ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் நாண், பட்டர் சிக்கன், பனீர், இறுதியில் குலாப் ஜாமுன் என்று ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு பெரிய நாட்டின் சமையலை நாலைந்து கறிகளோடு முடித்துக்கொள்வது எனக்கு மனநிறைவைத் தரவில்லை.

மாதத்துக்கு ஒரு பிராந்தியம் என்று வைத்துக்கொண்டால் எதிலிருந்து தொடங்குவது? எங்களில் இருவர் முழுச் சைவம். வேறு சிலர் வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மச்சம் தொடமாட்டார்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் உணவு வேண்டும், பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. யாரும் ஓரமாக இருந்து தயிர்ச்சாதம் மட்டும் சாப்பிடும் நிலை வரக்கூடாது என்பதே என் முதல் அக்கறை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எழுதியது:

வணக்கம் தம்பி. வேலை நிமித்தம் சென்னையிலும் கொச்சியிலும் சில காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பிராந்தியத்தைத் தெரிவு செய்வதோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஊர் மக்கள் எந்த வரிசையில், எதை எதோடு சேர்த்து உண்கிறார்களோ அப்படியே உண்ண முயலுங்கள். தனித்தனிக் கறிகளை வெவ்வேறு மாநிலங்களிலிருந்து பொறுக்கி ஒரே மேசையில் பரப்பினால் எல்லாமே ஒன்றையொன்று அடித்துவிடும், கடைசியில் எண்ணெயும் காரமும்தான் நினைவில் நிற்கும்.

வங்காளச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் வருவது கசப்பு. பாவற்காய் சேர்த்த சுக்தோ என்ற மரக்கறி வகையைச் சோற்றோடு உண்ட பிறகே பருப்பு, பொரியல், மீன், இறைச்சி என்று ஒவ்வொன்றாக வரும். அதன்பின் இனிப்பும் புளிப்புமான சட்னி, கடைசியாகத்தான் இனிப்புப் பண்டம். கசப்பில் தொடங்கிய நாக்கு, அரைத்த கடுகில் வேகவைத்த இல்சா மீனை வேறுவிதமாக வரவேற்கும். அதே மீனை நாணோடு வரவழைத்துச் சாப்பிட்டால் அதன் அருமை பாதிகூடத் தெரியாது.

கேரளத்தின் வாழையிலை விருந்தான சத்யாவும் அப்படித்தான். தலைவாழை இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், அதன்பின் பாயசம், அந்தத் தித்திப்பை ஆற்றுவதற்கு ரசமும் மோரும் என்று பல இடங்களில் பரிமாறுவார்கள். அவியல், ஓலன், காளன், எரிசேரி, இஞ்சிக்கறி எல்லாம் இலையைச் சுற்றி இருக்கும். அத்தனையும் சைவம், ஆகவே உங்கள் வெள்ளிக்கிழமைக் கவலை ஒரே அடியில் தீர்ந்துவிடும். தேங்காய்ப்பாலிலும் அப்பத்திலும் இடியப்பத்திலும் பிட்டிலும் வளர்ந்த நமக்கு மலையாளச் சமையல் மிக அருகில் இருப்பதால், முதல் மாதத்துக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. சத்யா போன்ற சாப்பாட்டைப் பெரும்பாலான கடைகள் ஓணம் அல்லது விசுக் காலத்தில்தான் செய்வார்கள். மற்ற நாட்களில் வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு முன்பே பேசி, ஆட்களின் எண்ணிக்கையை உறுதி செய்ய வேண்டும். விலை கேட்கும்போது 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் உள்ளடங்கிய தொகையைக் கேளுங்கள். பில் வந்தபின் ஆளாளுக்குக் கணக்குப் பார்ப்பது நல்ல சாப்பாட்டின் நிறைவைக் கெடுத்துவிடும்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் கருத்து எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆயினும் கடையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 'செட்டிநாடு' என்று பட்டியலில் எழுதியிருப்பதைப் பார்த்து வரவழைத்தால், பல இடங்களில் மிளகும் மிளகாயும் அள்ளிப் போட்ட ஒரு சிவந்த குழம்புதான் வருகிறது. செட்டிநாட்டுச் சமையலின் உயிர் காரத்தில் இல்லை. கல்பாசி, மராட்டி மொக்கு, நட்சத்திர அன்னாசிப்பூ, பெருஞ்சீரகம் ஆகிய வாசனைத் திரவியங்களை அன்றன்றைக்கு வறுத்து, அன்றைக்கே அரைத்துச் சேர்ப்பதில்தான் அது இருக்கிறது. நாம் மிளகாயையும் மல்லியையும் வறுத்துத் திரித்துப் போத்தலில் மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள். அதனால் அந்த வாசனையின் வேறுபாடு முதல் கவளத்திலேயே நமக்குப் பிடிபடும்.

இந்தச் சமையல் கொழும்புக்கு அந்நியமும் அல்ல. வணிகத்துக்காக வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில்களை எழுப்பி, ஆடிவேல் விழாவையும் இந்த நகரத்துக்குத் தந்தவர்கள். அவர்களுடைய குழிப்பணியாரமும் கவுனி அரிசி இனிப்பும் கோழி வறுவலும் நம் நண்பர்கள் கூட்டத்தில் இடம்பெறுவது பொருத்தமே.

ஆகவே என் யோசனை இது. ஒரு மாதம் கடைக்குப் போங்கள், அடுத்த மாதம் ஒரே பிராந்தியத்திலிருந்து ஆளுக்கொரு கறியாக வீட்டில் சமைத்துக் கொண்டுவாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படிச் செய்தபோது, சமையலறைப் பக்கமே போகாத இளைஞர்கள்கூட அம்மாவையும் பெரியம்மாவையும் கேட்டு வந்து பேசத் தொடங்கினார்கள். கேரள மீன்கறிக்குக் குடம்புளி கிடைக்காவிட்டால் நம் கொறுக்காயே போதும், இரண்டும் கார்சீனியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வங்காளத்தின் பஞ்ச போரனை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம்: நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கடுகு, கருஞ்சீரகம் ஆகியவற்றை முழுதாகவே சேர்த்து எண்ணெயில் தாளிக்க வேண்டும். அரைத்த கடுகு சேர்ந்த அச்சாற்றுக்குப் பழகிய உங்கள் சிங்கள நண்பர்களுக்கு வங்காளக் கடுகு மீன் மிகவும் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

தெமட்டகொடைச் சகோதரர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஹலால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இறைச்சி ஹலாலா என்பதோடு, அந்தச் சமையலறையில் பன்றி இறைச்சி சமைக்கப்படுகிறதா, கறியில் வைன் சேர்க்கிறார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோவாச் சமையலில் இது முக்கியம், ஏனெனில் அங்கே விண்டாலு என்ற காரமும் புளிப்புமான கறியைப் பன்றி இறைச்சியில் செய்வதே மரபு. தேங்காயும் வாசனைத் திரவியங்களும் வறுத்து அரைத்த கோழி ஷாகுதியை அதற்குப் பதிலாகக் கேட்கலாம். நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றினால் நாங்களும் நிறைந்த மனத்தோடு கலந்துகொள்வோம்.

நான் சொல்ல விரும்புவது பகிர்ந்து உண்பதைப் பற்றி. நம் கலியாண வீடுகளில் சஹன் என்ற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிடுகிறோம். காஷ்மீரத்து வாஸ்வான் விருந்தில் ஒரே தட்டில் நால்வர் சேர்ந்து உண்பார்கள். குஜராத்திலிருந்து வந்து கொழும்பில் வாழும் போராச் சமூகத்தவர், தால் என்ற பெரிய தட்டைச் சுற்றி எட்டுப் பேர்வரை அமர்ந்து, ஒரு துளி உப்பைச் சுவைத்துத் தொடங்கி, இனிப்பையும் காரத்தையும் மாற்றி மாற்றி உண்பார்கள். ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்ட ஒருவரோடு மறுநாள் அலுவலகத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிதல்ல. விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஒரு தட்டில் அமரட்டும், சைவ நண்பர்களுக்குத் தனித் தட்டும் தனிக் கரண்டியும் கட்டாயம் இருக்கட்டும்.

முதல் மாதத்துக்கு எதை எடுப்பது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. புரியாணியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்வதற்கு எங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கிறது. ஹைதராபாத்தின் கச்சி புரியாணியில் தயிரில் ஊறவைத்த பச்சை இறைச்சியின் மேல் அரைவேக்காட்டுச் சோற்றைப் பரப்பி, மூடியை மாவால் ஒட்டித் தம் போடுவார்கள். லக்னோவில் இறைச்சியை முன்பே வேகவைத்துவிடுவார்கள். கல்கத்தாவில் உருளைக்கிழங்கு இல்லாமல் புரியாணியே இல்லை. ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் சீரகச் சம்பா அரிசி. நம் கீரிச் சம்பாவுக்குப் பழகியவர்கள் அந்தச் சிறுமணியை உடனே விரும்புவார்கள். ஆம்பூர் புரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு பக்கத்தில் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கிருலப்பனை வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் மாதச் சாப்பாடு வெள்ளிக்கிழமையில் வருவதால் சத்யாவையே தெரிவு செய்கிறோம், புரியாணி அதற்கடுத்த மாதம். ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு நண்பருக்கு நீரிழிவு உண்டு, பாயசத்தை அவர் எப்படித் தவிர்ப்பது? இலையில் வைத்ததை விட்டுவிட அவர் கூச்சப்படுகிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எழுதியது:

தம்பி, பாயசத்தை இலையில் விடாமல் சிறிய கிண்ணத்தில் தனியாகத் தரும்படி எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அப்போது வேண்டாதவர் கிண்ணத்தைத் தொடாமல் ரசத்துக்குப் போகலாம், அவரை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சர்க்கரை வரட்டி என்ற வாழைக்காய் வறுவலிலும் வெல்லம் உண்டு, அதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். அவியலும் ஓலனும் அவருக்கு இன்னொரு தடவை தாராளமாக வரட்டும்.