வில்லி நெல்சனின் அந்தப் பயணப் பாட்டு எப்படிப் பிறந்தது?

திருவாரூர் தவில்:
அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ஆன் தி ரோட் அகெய்ன்’ பாட்டைக் கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. முகூர்த்த மாதம் வந்தால் மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என்று தவிலோடு வேனில் சுற்றுகிறவன் நான். செட்டோடு கிளம்பும்போது வரும் சந்தோஷத்தை ஒரு டெக்சாஸ்காரர் இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறாரே! இதை எப்போது, எதற்காக எழுதினார்?

கும்பகோணத்தான்:
1980-இல் வந்த ‘ஹனிசக்கிள் ரோஸ்’ படத்துக்காக. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவரின் கதை, நடித்ததும் அவரேதான். விமானத்தில் போகும்போது தயாரிப்பாளர் ஒரு பாட்டு கேட்க, கையில் கிடைத்த வாந்திப் பையிலேயே வரிகளை எழுதிவிட்டார். மெட்டு அப்புறம்தான். கிராமி விருதும் கிடைத்தது.

தஞ்சை கிடார்:
டிரம்ஸைக் கவனியுங்கள் அண்ணே, ரயில் ஓடுகிற நடை. ‘ட்ரெயின் பீட்’ என்பார்கள். அவருடைய கிடாருக்கு ‘டிரிக்கர்’ என்று பெயர். 1969-இல் வாங்கிய மார்ட்டின் கம்பெனி கிடார். வாசித்து வாசித்துப் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. ஆனாலும் மாற்றவில்லை.

திருவாரூர் தவில்:
சரி, அந்த நடைதான் என்னை இழுத்திருக்கிறது! வேனில் போட்டுக் காட்டினேன், நாதஸ்வர அண்ணன் மறுபடி போடச் சொன்னார். நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பதுதான் பிடிக்கும் என்று பாட்டில் நெல்சன் சொல்கிறாரே, ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் வீட்டில் உட்காரும்போது நாங்களும் அதற்குத்தான் ஏங்குகிறோம். அந்த டிரம்ஸ் நடையை மட்டும் தனியாகக் கேட்க வழி இருக்கிறதா தம்பி?