ட்ரோன் படங்கள் பார்த்த அனுபவம்: அந்த ரொட்டிக் காட்சி யாருக்காவது மறந்துபோனதா?

கல்லடி வாவிக்கரை

‘ஐ இன் தி ஸ்கை’ (2015) படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள், கதையைச் சொல்லவில்லை. நைரோபியில் ஒரு வீடு, உள்ளே தற்கொலை அங்கிகள், அந்த வீட்டின் மீது ஏவுகணை ஏவ வானத்தில் காத்திருக்கும் ரீப்பர் ட்ரோன், மதிலோரம் ரொட்டி விற்கும் சிறுமி அலியா. போன மாதம் அம்மாவுடன் இருந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இடையிடையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களை அம்மா வளர்த்தது இடியப்பம் அவித்து விற்றுத்தான்.

சிறுமி அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்பதற்காக உளவாளி ரொட்டி முழுவதையும் வாங்குகிறான். காசும் கொடுத்துவிட்டான். அதற்குள் ஆயுதக்காரர்கள் அவனை அடையாளம் கண்டுவிட, ரொட்டியை விட்டுவிட்டு ஓடுகிறான். “காசு கிடைத்துவிட்டது அம்மா, இனி வீட்டுக்குப் போய்விடுவாள்” என்றேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போகமாட்டாள் மகன். கிடக்கிற ரொட்டியை எடுத்துத் தட்டி மறுபடியும் அடுக்குவாள்” என்றார்.

அப்படியே நடந்தது.

அந்தப் படத்தில் பறவை வடிவில் ஒரு கமெரா, வண்டு வடிவில் வீட்டுக்குள்ளேயே பறக்கும் இன்னொன்று, 20,000 அடிக்கும் மேலே மற்றொன்று. அம்மா ஒரு விநாடியில் அறிந்தது அவற்றில் எதற்கும் தெரியவில்லை. பிறகு தாக்குதலை நடத்தும் கேணல் வரும் இடம். சிறுமி இறக்கும் வாய்ப்பு 45 முதல் 65 வீதம் என்று கணக்கிடுபவரை, 45 என்றே அறிக்கையிடும்படி அவர் நெருக்குவார். “நூற்றுக்கு 45 என்றால் பிள்ளைக்கு என்ன ஆகும்?” என்று அம்மா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாக அதுவே மனதில் நிற்கிறது.

வாழைச்சேனைத் தங்கை

வண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் வேவு விமானத்துக்கே மக்கள் வைத்த பெயர் அதுதான். என் மச்சாள் புதுக்குடியிருப்பில் பிறந்தவர், போருக்குப் பிறகு எங்கள் அண்ணனை மணந்து இங்கே வந்தவர். இருவருமாக ‘குட் கில்’ பார்த்தோம். ஈதன் ஹோக் லாஸ் வேகாஸ் பக்கத்தில் ஒரு கொள்கலனுக்குள் இருந்துகொண்டு ஆப்கானிஸ்தானில் சுடுவார், மாலையில் வீட்டுக்குப் போய் இறைச்சி வாட்டுவார். அந்தப் படம்தான்.

கொஞ்ச நேரத்தில் மச்சாள், “சத்தத்தைக் கூட்டுங்கள்” என்றார். கூட்டினேன். “இன்னும்” என்றார். முழுவதும் கூட்டிவிட்டேன். மேலிருந்து காட்டும் காட்சிகளில் கீழே மனிதர்கள் நடக்கிறார்கள், திடீரென்று புழுதி எழுகிறது. விமானிகளின் பேச்சைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை.

“வண்டு எங்கே?” என்று கேட்டார் மச்சாள்.

எங்கள் வண்டு சுடவில்லை, பார்த்துச் சொன்னது மட்டும்தான் என்றார். அது இரையத் தொடங்கினால் பின்னால் ஷெல் வரும், அல்லது கிபிர் போர்விமானம் வரும். உலை வைப்பதா, பங்கருக்குள் இறங்குவதா என்பதையே அந்த இரைச்சலை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். சொல்லிவிட்டு எழுந்து போய்க் காய்ந்த உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார். நான் படத்தை நிறுத்தாமல் பார்த்து முடித்தேன். நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

கல்லடித் தம்பி, உங்கள் அம்மாவின் கூர்மைக்கு வணக்கம். ஆனால் உங்கள் எழுத்தில் படத்தின் மீது ஒரு குறை தொனிக்கிறது, அதை நான் ஏற்கவில்லை. கமெரா பார்க்கும், ஆனால் புரிந்துகொள்ளாது என்பதைத்தானே படமும் சொல்கிறது? 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்தது அதுவே. வெள்ளைக் காரில் ஏற்றியவை வெடிபொருட்கள் என்று நம்பி அமெரிக்க ட்ரோனிலிருந்து ஏவுகணை ஏவினார்கள். 10 பேர் இறந்தார்கள், 7 பேர் குழந்தைகள். அவை தண்ணீர்க் கேன்கள். அமெரிக்க இராணுவமே செப்டெம்பரில் அது தவறு என்று ஒப்புக்கொண்டது.

என் அனுபவம் சிறியது. உயர்தர மாணவர்களுக்கு ‘ஐ இன் தி ஸ்கை’ படத்தைக் காட்டினேன். முடிந்ததும் ஒரு மாணவி, “சேர், அந்தச் சிறுமியின் பெயர், முடிவெடுத்த அந்த அறைகளில் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விளக்கை அணைக்காதீர்கள். முதல் நாளே முழுப் படத்தையும் போட்டுவிடாதீர்கள். முடிவெடுக்கும் பொறுப்பு மேலே மேலே கைமாறும் இடத்தில் நிறுத்துங்கள்: சிங்கப்பூரில் வயிற்றுக் கோளாறோடு வெளியுறவு அமைச்சர், சீனாவில் மேசைப்பந்து ஆடும் அமெரிக்க அமைச்சர். நீங்கள் என்றால் எந்த இடத்தில் மறுத்திருப்பீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள். சட்டம் அனுமதிப்பது வேறு, செய்யத் தகுந்தது வேறு என்பதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அவர்களாகவே வந்து சேரட்டும். வீட்டில் போரில் இழந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். தங்கச்சி, உங்கள் மச்சாளை ஒரு நல்ல உளவளத்துணையாளரிடம் அழைத்துப் போவது நல்லது. தாமதிக்க வேண்டாம்.

வாழைச்சேனைத் தங்கை

ஐயா, மச்சாளுக்கு நோய் ஒன்றும் இல்லை. படத்தில் இருந்த பிழையைச் சொன்னார்.

கல்முனை, 11 வருடம் அபுதாபி

தங்கச்சி சொன்னதோடு எனக்கு உடன்பாடு. சேர், மாணவர்களை முடிவெடுப்பவர்களின் நாற்காலியில் இருத்திப் பார்க்கச் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். தொழிலாளர் முகாமில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில். உள்ளே இருப்பவர்கள் வெளியே போனால் எத்தனை பேர் சாவார்கள் என்று எண்ணி, “அழுத்து” என்று மனதுக்குள் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

2022 ஜனவரி 17 அன்று அபுதாபியின் முஸஃபாவில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலில் எரிபொருள் பவுசர் லொறிகள் வெடித்தன. 2 இந்தியர்களும் ஒரு பாகிஸ்தானியரும் இறந்தார்கள். வேலைக்கு வந்தவர்கள். நான் ஓட்டியதும் லொறிதான். தூரத்துப் புகையைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டி நின்றபோது, எங்கோ ஒருவன் திரையில் எங்களைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. கை நடுங்கியது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்தச் சொல்லை இனி என்னால் திருப்பி எடுக்க முடியாது.

கல்லடி வாவிக்கரை

ஐயா, படத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மாவுக்கு 45 வீதத்தை எப்படி விளக்குவது என்றுதான் தவித்தேன். நேற்று இடியப்பத் தட்டை வைத்துச் சொல்லிப் பார்த்தேன்: நூறு இடியப்பம், அதில் 45 உடைந்துபோகும் என்று. “பிள்ளை ஒன்றுதானே மகன்” என்றார்.

கல்முனை நானா, நீங்கள் எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். அந்த மூவரின் வீடுகளுக்கும் யார் செய்தி சொன்னது, உங்களுக்குத் தெரியுமா என்று அம்மா கேட்கிறார்.