சனி, ஞாயிறில் மட்டும் வீட்டுப் பழுது, பெயிண்ட் வேலை பார்த்தவர்கள், மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி, அசோக் நகர்:

நானும் வீட்டுக்காரரும் ஒரே சமயத்தில் இரண்டு ஃபிளாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று தை மாதம் நாங்கள் வாங்கிய பழைய ஃபிளாட், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னொன்று பெரம்பூரில் மாமியாருடையது. குடியிருந்தவர்கள் ஆனியிலேயே காலி செய்துவிட்டார்கள், ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள், ஆவணி பிறப்பதற்குள் வெள்ளையடித்து வாடகைக்கு விட்டாக வேண்டும். நாங்கள் இருப்பது வாடகை வீடு. சனிக்கிழமை விடிந்ததும் மாவு அரைத்து வைத்துவிட்டு, பையனை ஓவிய வகுப்பில் விட்டு, அது முடிவதற்குள் சைடன்ஹாம்ஸ் ரோடு போய் டைல் பார்த்து, மாமியாருக்கு பிரஷர் மாத்திரை வாங்கி, மத்தியானம் 12 மணிக்குத்தான் கையில் பட்டிக் கரண்டி எடுப்போம். ஞாயிறு முழுக்க உப்புத்தாள் தேய்ப்பு. இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான், நான் சொல்ல வந்தது வேறு.

கீழ்வீட்டு அங்கிள் ஏணி கொடுத்திருந்தார். எட்டடி அலுமினிய ஏணி, நாலு வாரமாக எங்களிடம்தான் இருந்தது. போன ஞாயிறு ராத்திரி 9 மணிக்குத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. நேரெதிரே ஆன்ட்டி படுத்திருக்கும் கட்டில், அதை ஒட்டி பாத்ரூம், உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு எவர்சில்வர் அன்னக்கூடை. அதற்குள் நாலாக மடித்த பழைய வேட்டித் துணி. மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்தத் துணியில் விழுகிறது, அதனால் சத்தமே கேட்கவில்லை. ஆன்ட்டி பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர், ராத்திரி தூக்கம் கம்மி, வெறும் பாத்திரத்தில் சொட்டினால் முழித்துக்கொள்வார் என்று அங்கிள் துணி போட்டு வைத்திருக்கிறார். அந்த வெள்ளைத் துணியில் திட்டுத் திட்டாக இளம்பச்சை. எங்கள் ஹால் கலர். ஒவ்வொரு வாரமும் பிரஷ், ரோலர், பக்கெட் எல்லாம் நாங்கள் கழுவியது அதற்கு நேர் மேலே இருக்கும் எங்கள் பாத்ரூமில்தான்.

அவர் ஏணியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "வேலையெல்லாம் ஆச்சாம்மா, சாப்பிட்டீங்களா" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. மாசி மாதமே ஒரு தடவை சொல்லியிருந்தார், "நேரம் கிடைக்கும்போது உங்க பாத்ரூமைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்று. ஹால் முதலில், பாத்ரூம் அப்புறம் என்று முடிவு செய்தது நான்தான். வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன், அவர் கழுவிக்கொண்டிருந்த பிரஷை அப்படியே போட்டுவிட்டுக் குழாயை மூடினார். இரண்டு பேரும் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மொத்த பாத்ரூமையும் உடைக்க வேண்டுமா? பிளம்பர் அப்படித்தான் சொல்கிறார். உடைத்தால் பெரம்பூர் வேலை நின்றுவிடும், ஆனாலும் உடைத்துவிடலாம் என்றுதான் இருக்கிறோம்.

வேளச்சேரி தரைத்தளம்:

சகோதரி, நீங்கள் ஹாலை முதலில் எடுத்தது தப்புதான், மனதில் வைத்துக்கொண்டு பேச எனக்குத் தெரியாது. தண்ணீர் விஷயம் எப்போதும் முதல் வேலை. தண்ணீர் என்ன செய்யும் என்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பார்த்தவன் நான்.

எங்களுக்கு வீட்டுக்குள் இடுப்பளவு. தண்ணீர் வடிந்த பிறகு கப்போர்டு கதவைத் தொட்டால் பிளைவுட் அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது. ஆள் கிடைக்கவில்லை, அந்தப் பகுதி முழுக்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். நானும் மனைவியும் பங்குனி வரை ஒவ்வொரு சனி ஞாயிறும் சுரண்டினோம். சுரண்டிவிட்டுப் போனால் அடுத்த வாரம் சுவர் மறுபடி பொரிந்து வெள்ளை உப்பாகப் பூத்து நிற்கும். வெள்ளிக்கிழமை வரை ஆபீஸ், பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அவள் மாடிவீட்டில் உட்கார்ந்து படித்தாள்.

கடைசியாக பெயிண்ட் அடிக்கிற அன்று மனைவி சுவரை ஒட்டி நின்றாள். சேற்றுக்கோடு அவள் இடுப்புக்கு மேலே ஒரு சாண். பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு போட்டு, "பீரோ வர்ற இடம்தானே, இந்த ஒரு பட்டையை மட்டும் அடிக்க வேண்டாம், ஸ்விட்ச் போர்டு எல்லாம் இதுக்கு மேலதான் இருக்கணும்" என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை, அழவும் இல்லை, மளிகை லிஸ்ட் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் ரோலரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறோம், மறுபடி தண்ணீர் வரும் என்பதையும் சேர்த்துத்தான் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். பிளக் பாயின்ட் எல்லாம் இப்போது தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் அந்தப் பட்டை அப்படியே இருக்கிறது.

உங்கள் பாத்ரூமை முழுசாக உடையுங்கள். அரைகுறை வேலை பார்த்தால் ஆறு மாதத்தில் திரும்ப அதே அன்னக்கூடை.

பழைய சைட் ஆள்:

என் அனுபவம் சின்னது. மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டுப் போன பிறகு அந்த அறையைப் புதுசாக்கலாம் என்று நானும் மனைவியும் ஒரு ஞாயிறு உட்கார்ந்தோம். ஜன்னல் கிரில்லில் 1980களில் அடித்த எனாமல் பெயிண்ட். மனைவி உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள், தெருவிலிருந்து தூசி வருகிறதே என்று வாசல் பக்கம் தரையைத் துடைக்கப் போனேன், அங்கே பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து அந்த பெயிண்ட் தூளில் கையை வைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். முப்பது வருஷம் சைட்டில் நின்ற எனக்கு இது தெரியும். தெரிந்தும் மனைவியை ஈரம் பண்ணித் தேய் என்று சொல்லவில்லை. குழந்தையின் கையைக் கழுவிவிட்டேன், அதன் அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அம்மா, உங்கள் விஷயம். வேளச்சேரிக்காரர் சொல்வதை இந்த ஒரு இடத்தில் கேட்காதீர்கள். அவர் பார்த்தது வெள்ளம், உங்களுடையது அது இல்லை. பெயிண்ட் கலர் அப்படியே துணியில் விழுந்திருக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியம். தரை முழுக்க ஊறி, செங்கல் சல்லிக்குள் தேங்கி, ஓதமாக இறங்குகிற தண்ணீர் இவ்வளவு கலரோடு வராது, மண்ணும் சல்லியும் வடிகட்டிவிடும். கலரோடு வருகிறது என்றால் பெரும்பாலும் நேர்வழி. தரை டிராப், அதாவது பாத்ரூம் தண்ணீர் இறங்கிப் போகிற வாய், அதைச் சுற்றி அடைத்த சாந்து விட்டுப்போயிருக்கும், இல்லை டிராப்புக்கும் பைப்புக்கும் நடுவே இணைப்பு விட்டிருக்கும். எது என்று உடைக்காமலே கண்டுபிடிக்கலாம்.

டிராப் வாய்க்குள் கொஞ்சம் கீழே இறக்கித் துணிப்பந்தை பாலிதீனில் சுற்றி இறுக்கமாக அடையுங்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள், அதில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் தாராளமாக ஊற்றுங்கள். டைலில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சில் கோடு. 24 மணி நேரம் யாரும் அந்த பாத்ரூமை உபயோகிக்கக் கூடாது. தண்ணீர் நிற்கும்போதே கீழே நீலம் வந்தால் டிராப்பைச் சுற்றியோ தரையிலோ ஓட்டை. நிற்கும்போது வரவில்லை, அடைப்பை எடுத்து மொத்தமாக விட்டதும் வருகிறது என்றால் பைப் இணைப்பு. முதலாவதாக இருந்து டிராப் ஓரம்தான் என்று தெரிந்தால் அதைச் சுற்றி ஒன்றரை அடி சதுரம் மட்டும் வெட்டி எடுங்கள், பழைய சாந்தைச் சுத்தமாகக் கொத்தி எடுத்துவிட்டு, சந்தை அடைக்கிற, காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் கலவை ஊற்றி, மேலே வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை, முதல் கை ஒரு திசையில், காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்கே. டைல் ஒட்டுவதற்கு முன்னால் மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள். கொத்தனார் அவசரப்படுவார், விடாதீர்கள். ஒட்டுவது விட்ரிஃபைடு டைலாக இருந்தால் வெறும் சிமென்ட் பாலில் ஒட்ட வேண்டாம், அது தண்ணீர் அநேகமாக உறிஞ்சாத டைல், பிடிக்காது, டைல் ஒட்டுகிற அட்ஹெசிவ் பசை வாங்குங்கள்.

கீழ்வீட்டுக் கூரையில் இருக்கிற கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து தேதி எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகும் பழைய ஈரம் வாரக்கணக்கில் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, கறை கோட்டைத் தாண்டுகிறதா என்பதுதான் கணக்கு. அப்புறம் ஒன்று, டிரில் வேலையை ஞாயிறு காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் சத்தமான வேலை எல்லாம் முடிந்துவிடும், அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு இருக்காது.

நைட் டியூட்டி:

ஐயா, நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சரியாக இருக்கலாம். ஞாயிறு காலை 9 மணி யாருக்குத் தொந்தரவு இல்லை? நான் செவிலியர். சனி ராத்திரி டியூட்டி முடிந்து ஞாயிறு எட்டரைக்கு வீட்டுக்கு வருவேன். மேல்வீட்டுக் கணவன் மனைவி நாலு மாதம், சரியாக 9 மணிக்கு, என் கட்டிலுக்கு மேலே. ராத்திரி 10 முதல் காலை 6 வரை கட்டுமான மெஷின் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, எனக்கு ராத்திரி என்பதே காலை 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது, அதற்கு எந்த விதியும் இல்லை.

ஒரு நாள் தாங்க முடியாமல் நைட்டியோடு மேலே ஏறிப் போனேன், கத்திவிடுவது என்றுதான். கதவைத் திறந்தது அந்தப் பெண். கண் இமை மயிரெல்லாம் வெள்ளைத் தூள். அவளுக்குப் பின்னால் ஹாலில் ஃபேன் கொக்கியில் தூளி கட்டியிருந்தது, தூசி படாமல் தூளியைச் சுற்றி ஈரப் புடவை. டிரில் நின்ற அந்த நிமிஷம் குழந்தை முழித்துக்கொண்டு அழுதது, சத்தத்துக்குப் பழகிப்போய் சத்தம் நின்றால் எழுந்துகொள்கிறது போல. அவள் என்னைப் பார்த்தபடியே போய்த் தூளியை ஆட்ட ஆரம்பித்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை, அவள்மேல் கோபப்பட முடியாமல் போனதுதான் கூடுதல் கஷ்டம். கீழே வந்து கேட்டிருக்கலாம், "அக்கா, உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்" என்று. அதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா? அசோக் நகர் அம்மா, நீங்கள் அந்தப் பெரியவரிடம் அதைக் கேளுங்கள். நீல வேலை, பச்சை வேலை எல்லாம் அதற்கப்புறம்.

பீளமேடு:

எங்களுக்கு நல்ல அனுபவம்தானுங்க. நானும் சம்சாரமும் பால்கனிச் சுவர் பூச்சு நாங்களே பார்க்கலாம் என்று மூன்று ஞாயிறு போராடினோம், கலவை ஒட்டாமல் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்து ஃபிளாட்டுக்கு வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி, சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியை மூடி வைத்துவிட்டு வந்து, என் மனைவி கையிலிருந்த பூச்சைத் தேய்க்கிற மணியாஸ் கட்டையை வாங்காமல் அவளையே பிடிக்கச் சொல்லி, "சுவத்துக்கு முதல்ல தண்ணி காட்டோணும் கண்ணு, காய்ஞ்ச சுவரு கலவையில இருக்கற தண்ணியை உறிஞ்சிப்போடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். மாலையில் காசு கொடுக்கப் போனால் கிளம்பிவிட்டிருந்தார், அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. இரண்டு வருஷம் ஆச்சு. அவள் இன்னும் கேட்கிறாள், பேர்கூடக் கேட்கவில்லையே என்று.

மூன்றாம் மாடி, அசோக் நகர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, வேளச்சேரி அண்ணனுக்கும்தான், நீங்கள் சொன்னது உறைத்தது.

நைட் டியூட்டி அக்கா சொன்னபடி முதலில் கீழே போய் நேரம் கேட்டோம். ஆன்ட்டி மத்தியானம் 2 முதல் 4 வரை தூங்குவாராம், மற்ற நேரம் பரவாயில்லை, சத்தம் கேட்டால் யாரோ இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெம்பாக இருக்கும் என்றார் அங்கிள். இதைக் கேட்க எங்களுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

நீலம் ஊற்றிக் கட்டினோம். தண்ணீர் நிற்கும்போதே ஒன்றரை மணி நேரத்தில் துணியில் நீலம், டிராப் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே. சதுரமாக வெட்டி எடுத்தபோது டிராப்பைச் சுற்றி என் சுண்டுவிரல் நுழைகிற அளவு சந்து. பழைய சாந்து மணலாக உதிர்ந்து வந்தது. இடிபாடு நாலு மூட்டைதான், பெரம்பூர் வீட்டுக் குப்பை மூட்டைகளோடு சேர்த்து, தெருவில் கொட்டாமல் மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து கேட்டு அனுப்பினோம்.

போன சனிக்கிழமை பூச்சு காய்ந்த பிறகு மறுபடி தண்ணீர் கட்டினோம், மறுபடி நீலம். ஞாயிறு காலை 6 மணிக்கு அங்கிளே டார்ச்சோடு கதவைத் தட்டினார், கீழே கூட்டிக்கொண்டு போனார். துணி வெள்ளையாகக் காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. கூரையில் பென்சில் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் கறை. அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் விட்டார் வீட்டுக்காரர், நாங்கள் இரண்டு பேரும் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம், ஒரு சொட்டு வரவில்லை.

அன்னக்கூடையை எடுத்து வைத்துவிடலாமா அங்கிள் என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, இன்னும் ரெண்டு வாரம் நீங்க குளிச்சுப் புழங்குங்க, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். துணியை மட்டும் மாற்றிப் போட்டார். வெள்ளைத் துணிதான்.

பெரம்பூரில் இன்னும் இரண்டாவது கை பெயிண்ட் பாக்கி, ஆவணிக்கு எட்டு நாள் இருக்கிறது. ஏணி மறுபடியும் எங்களிடம்தான் இருக்கிறது.