மால்ஹம் சுற்று நடை: கோர்டேல் அருவியோரம் ஏறுவதா, விடுவதா?

தென்றல்_லீட்ஸ்:
நவம்பர் முதல் சனிக்கிழமை யார்க்‌ஷயர் டேல்ஸில் (வட இங்கிலாந்து) ஒரு சுற்று நடை. ஆறு பேர், அதில் இருவர் 12 வயதுப் பிள்ளைகள். மால்ஹம் ஊரில் தொடங்கி ஜேனட்ஸ் ஃபாஸ் (சிறு அருவி), கோர்டேல் ஸ்கார் (அருவியோடு கூடிய குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு), அருவியோரம் கையூன்றி ஏறி ஸ்ட்ரீட் கேட், மால்ஹம் டார்ன் ஏரி, வாட்லோஸ் வறண்ட பள்ளத்தாக்கு, மால்ஹம் கோவ் (சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து) உச்சி, திரும்ப ஊர். சுமார் 12 கி.மீ. காலை பத்தரைக்குக் கிளம்பினால் போதுமா? கோர்டேல் ஏற்றம் பிள்ளைகளுக்குச் சரிவருமா?

குன்றேறி:
சரிவரும். திசையை மட்டும் மாற்றிவிடாதீங்க. கோர்டேலில் ஏறலாம், இறங்கக் கூடாது. ஏறும்போது பிடிப்பு கண் முன்னால் இருக்கும். இறங்கும்போது ஈரப்பாறையில் காலால் துழாவ வேண்டியிருக்கும். கஷ்டமான இடம் கீழ் அருவிக்குப் பக்கத்தில் சில மீட்டர்தான். அதைத் தாண்டினால் செங்குத்தான, தளர்ந்த கற்படி. அங்கே மேலே போகிறவர் கல்லை உருட்டிவிடாமல் பார்க்கணும், கீழே நிற்பவர் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒதுங்கணும். நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறி வெளியே வருகிற வழி அது. அதை விட்டுட்டு மால்ஹம் போவானேன்?

சுண்ணாம்புக்கல்:
கடுமையாக மறுக்கிறேன். நவம்பரில், பிள்ளைகளோடு, வேண்டாம். அந்த ஏற்றத்தில் கால் வைப்பது சுண்ணப் படிவின் மேல். நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு அருவியோரம் படிந்து இறுகியது. அதிலுள்ள கனிமமான கால்சைட்டின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 3. பூட்ஸ் அடியில் ஒட்டிவரும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் கடினத்தன்மை 7. ஒவ்வொரு காலடியும் பாறையைத் தேய்த்து மெருகேற்றுகிறது. ஆக, எல்லோரும் கால் வைக்கும் இடம்தான் அதிகம் வழுக்கும். பூட்ஸ் எவ்வளவு விலையானாலும் இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

மாற்று வழி: கோர்டேலுக்குள் போய்ப் பாருங்கள், அப்படியே திரும்பி கோர்டேல் பாலத்துக்கு வாருங்கள். அங்கிருந்து கோவ் நோக்கி ஏறும் நடைபாதையில் போய், மால்ஹம் ரேக்ஸ் சாலையைக் கடந்து கோவ் உச்சி. பிறகு வாட்லோஸ் வழியாக ஏரிக்குப் போய், வாட்லோஸுக்குக் கிழக்கே மேட்டில் இருக்கும் பாதையில் திரும்பலாம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்2 வரைபடத்தில் எல்லாமே இருக்கிறது, 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர்.

குன்றேறி:
வழுக்கல்தான் காரணம் என்றால் உங்கள் வழியிலும் அதே கல்தானே? வாட்லோஸ் தலைப்பக்கத்துக் கற்படிகள், கோவை ஒட்டிய நானூறு சொச்சம் படிகள் எல்லாம் அதே மெருகு. கோவ் உச்சியில் பாறைத் தளம் முழுக்கப் பிளவுகள், சிலது ஒரு ஆள் இடுப்பளவு ஆழம். கோர்டேலில் எல்லாரும் கவனமா இருப்பாங்க, கோவ் உச்சியில்தான் போட்டோ எடுத்துக்கொண்டே நடப்பாங்க.

சுண்ணாம்புக்கல்:
பாறைத் தளத்தில் சறுக்கினால் கணுக்கால் பிசகும். அருவியோரம் சறுக்கினால் கீழே பாறையில் விழ வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வரைபடப்பிரியன்:
கிளம்பும் நேரத்தை யாரும் தொடவே இல்லையே. மலைநடை நேரத்தைக் கணிக்கும் நெய்ஸ்மித் விதிப்படி மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கி.மீ.க்கு 2 மணி 24 நிமிடம். ஏற்றம் மொத்தம் 300 மீட்டர் என்று வைத்தால் இன்னொரு அரை மணி. ஏறக்குறைய மூன்று மணி. அது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. அருவியோரம் ஆறு பேர் ஒவ்வொருவராக ஏற அரை மணி, பாறைத் தளத்தில் மெதுநடை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஐந்தரை மணி ஆகும். பத்தரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்கு ஊர் வந்து சேர்வீர்கள். அன்று நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பாறைப் பிளவுகளை இருட்டில் கடப்பது நடக்காத காரியம். ஒன்பதுக்குக் கிளம்புங்கள், ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம்.

தென்றல்_லீட்ஸ்:
நன்றி. ஒன்பது மணி என்றே வைத்துக்கொள்கிறோம். தண்ணீர் எவ்வளவு எடுக்கணும்? பாறை வழியாக வடிந்து வரும் ஊற்று சுத்தமாகத்தானே இருக்கும்?

சுண்ணாம்புக்கல்:
இருக்காது. மணல் வடிகட்டும், சுண்ணாம்புப் பாறை வடிகட்டாது. நீர் விரிசல்களிலும் குகைகளிலும் வேகமாக ஓடிவிடுவதால் மேலே ஆடு மாடு போட்ட சாணம் அப்படியே கீழே வந்து சேரும். ஏரிக்கு அடியில் நீர் இறங்காத சிலேட்டுப் பாறை இருப்பதால்தான் அங்கே நீர் தேங்குகிறது. அதிலிருந்து வெளியேறும் ஓடை கொஞ்ச தூரத்திலேயே வாட்டர் சிங்க்ஸ் என்ற இடத்தில் மண்ணுக்குள் போய்விடும். கோவ் அடியில் வருவது அந்த நீர் என்று பலர் நினைக்கிறார்கள். சாயம் கலந்து பார்த்ததில், அது ஊருக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றில்தான் வெளிவந்தது. எங்கிருந்து வருகிறதென்று கண்ணால் சொல்ல முடியாத நீர், குடிக்க வேண்டாம். பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு ஒரு லிட்டர் கொண்டுபோங்கள்.

மழையைப் பற்றியும் ஒன்று. 2015 டிசம்பர் 6-ம் தேதி, டெஸ்மண்ட் புயல் மழையில் பாறை கொள்ளாமல் கோவ் உச்சியிலிருந்தே அருவி விழுந்தது. அந்த அளவு அபூர்வம். ஆனால் முந்தைய இரண்டு நாள் மழையைப் பார்க்காமல் கோர்டேல் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

குன்றேறி:
இதில் ஒத்துப்போகிறேன். அடியில் நின்று பாருங்க. கால் வைக்கிற இடத்தின் மேல் தண்ணீர் ஓடினால் பேச்சே இல்லை, பாலத்துக்குத் திரும்புங்க. பாறை காய்ந்திருந்து ஓடை ஒதுங்கி ஓடினால், பெரியவர் ஒருவர் முதலில், பிறகு பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழே ஒரு பெரியவர். ட்ரெக்கிங் குச்சியை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்க. கோவ் உச்சியிலும் அப்படியே, பிளவில் முனை சிக்கினால் குச்சி ஒடியும், ஆளும் சாய்வார். அங்கே புல் மூடிய இடத்தில் கால் வைக்காதீங்க, அடியில் பிளவு இருக்கலாம். விளிம்பில் வேலி கிடையாது, கீழே 80 மீட்டர்.

சுண்ணாம்புக்கல்:
காய்ந்திருந்தாலும் என் பதில் மாறாது. அப்படியும் ஏறினால் ஆறு பேரும் ஏற வேண்டும், ஒருவர் தயங்கினாலும் ஆறு பேரும் திரும்ப வேண்டும். இரண்டாகப் பிரிந்து மேலே சந்திப்பதாகப் பேசிக்கொள்ளாதீர்கள். பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது. விசில் ஒன்று வையுங்கள்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. போன் கிடைத்தால் 999, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள்.