பேப்பர்ஸ், ப்ளீஸ்: அந்த மனைவியை உள்ளே விட்டீங்களா?

ரங்கூன்வாசி:
கரண்ட் இல்லாத ராத்திரியில போன்ல 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'ங்கிற கேம் ஆடுறேன். எல்லைச் சாவடியில பாஸ்போர்ட் பார்க்குற வேலை. அஞ்சாம் நாள் ஒருத்தர் வர்றார், தாளெல்லாம் சரி. பின்னாடி என் மனைவி வர்றா, இரக்கம் காட்டுங்கன்னு சொல்லிட்டுப் போறார். அந்தம்மாகிட்ட நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனா கொன்னுடுவாங்கன்னு கெஞ்சுறாங்க.

உள்ளே விட்டேன். உடனே எச்சரிக்கைச் சீட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு தப்பு வரைக்கும் விட்டுடுவாங்க, மூணாவதுக்கு 5 கிரெடிட் (ஆட்டத்துக் காசு) அபராதம். ஒரு ஆளைச் சோதிச்சாக் கிடைக்கிற கூலியே அவ்வளவுதான். அன்னைக்கு எனக்கு அதுதான் மூணாவது. ஆட்டத்துல வர்ற என் குடும்பத்துக்குச் சோறு வாங்கினேன், குளிருக்குக் கணப்புப் போடக் காசில்லை.

கதை தொடங்குறது 1982 நவம்பர். நம்ம பர்மாவோட குடியுரிமைச் சட்டம் வந்தது அதே வருஷம் அக்டோபர். எங்கப்பாவை ஒரு ஜன்னல்ல மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க, தாத்தாவோட தாள் எங்கேன்னு கேட்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மேல சின்ன வயசுலேர்ந்து எனக்குக் கோபம். இப்ப அந்த நாற்காலியில நானே உட்கார்ந்திருக்கேன். அவர் கெட்டவரா? நீங்க என்ன செஞ்சீங்க?

மோல்மீன் அக்கா:
தம்பி, நான் திருப்பி அனுப்பிட்டேன். என் ஆட்டத்துல மாமியாருக்கு உடம்பு சரியில்லை, மருந்து வாங்கணும். சரின்னு சொல்லமாட்டேன். அந்தம்மா முகம் ரெண்டு நாள் கண்ணுலயே நின்னுச்சு.

பெகு தமிழன்:
எனக்கு உறுத்தினது அந்த ஆட்டத்துல வர்ற 'எசிக்'ங்கிற ரகசியக் கூட்டம். கொடுங்கோல் அரசை எதிர்க்கிறவங்கன்னு நம்பி உதவினேன். அப்புறம் விஷப்பொடியைக் கொடுத்து, ஒருத்தர் பாஸ்போர்ட்டுல தடவிக் கொல்லச் சொன்னாங்க. 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்'ங்கிற இன்னொரு கேம்லயும் (2010) எந்தக் கொடி பிடிச்சாலும் கையில கறைதான். ஆனா அங்கே தேர்ந்தெடுக்கிறது ஒரு படையை. இங்கே ஜன்னல்ல நிக்கிற ஒரு ஆளை. அதனாலதான் இது வலிக்குது அண்ணே. அந்த அதிகாரியைக் கெட்டவர்னு என்னால சொல்ல முடியலை. அவர் கையில அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவங்களைத்தான் கெட்டவங்கன்னு சொல்லுவேன்.

ரங்கூன்வாசி:
நேத்து அப்பாகிட்ட போனைக் கொடுத்தேன். அந்தம்மா பாஸ்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். முத்திரையைத் தொடவே இல்லை. "இந்த ஆபீசருக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னு கேட்டார். ஒரு பையன்னு சொன்னேன். அதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துபோச்சு.